சோறு குறைய, குழம்பு கெட்டியாகணும்

"எவ்வளவு சாப்பிடுறீங்க?" என்று சர்க்கரை நோயாளியிடம் கேட்பது வீண் கேள்வி. "கொஞ்சமாத்தான் சிஸ்டர்" என்று பதில் வரும். பொய்யில்லை. தட்டில் விழும் சோற்றை யாரும் அளப்பதில்லை. நான் வேறு மாதிரி கேட்பேன்: "வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் அரிசி உலையில போடுறீங்க? எத்தனை பேரு சாப்பிடுவீங்க?" இதற்கு யோசிக்காமல் பதில் வந்துவிடும். அரிசி அளக்கும் கைக்குக் கணக்கு தெரியும்.

நாலு பேர் உள்ள வீட்டில் எட்டு டம்ளர் என்பார்கள். டம்ளர் ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும். ஆளுக்கு 400 கிராம் அரிசி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. புழுங்கலரிசியும் அதை ஒட்டித்தான். அப்படியானால் சோற்றிலிருந்து மட்டும் 300 கிராமுக்கு மேல். இட்லி மாவு, டீக்கடை பன், சாயங்கால போண்டா எல்லாம் அதற்கு வெளியே. இந்தக் கணக்கைச் சீட்டின் பின்பக்கம் போட்டுக் காட்டிய பிறகுதான் மாத்திரையைப் பற்றிப் பேசவே ஆரம்பிப்பேன்.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்ப் பிரிவு என்று ஒன்று வந்தது அண்மைக் காலத்தில்தான். உலக வங்கி உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தில் முதலில் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சோதனையாக நடத்தி, 2012 வாக்கில் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவுக்கென்று எடுக்கப்பட்ட செவிலியர்களில் நானும் ஒருத்தி. முதலில் பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டைப் பக்கம், பிறகு அரியலூர் மாவட்டத்தில் திருமானூர்ப் பக்கம். பெரம்பலூரிலிருந்து பிரிந்ததுதான் அரியலூர். ஆனால் சாப்பாட்டில் இரண்டும் இரண்டு உலகம்.

வேப்பந்தட்டை வானம் பார்த்த பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அறுபதைத் தாண்டியவர்கள் எல்லாரும் சோளச்சோறும் கம்பங்கூழும் வரகுச்சோறும் தின்று வளர்ந்தவர்கள். நெல்லுச்சோறு அவர்களுக்குத் தீபாவளி, பொங்கலுக்கு வந்த பண்டம். இப்போது அவர்கள் விளைவிக்கும் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. சாப்பிடுவது ரேஷன் அரிசி. திருமானூர் கொள்ளிடக் கரை. அங்கே நெல்தான் எல்லாம். சோற்றைக் குறையுங்கள் என்று ஒரு வயல்காரரிடம் சொன்னால் முகம் வாடிவிடும். வயிற்றுக்குச் சோறு போடுகிறவரிடம் சோறு வேண்டாம் என்று சொல்லும் பேச்சு அது. அதனால் அந்தப் பக்கம் நான் சோற்றிலிருந்து பேச்சைத் தொடங்கியதில்லை. கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்று ஏரி மீன் விலை கேட்பதில் தொடங்குவேன்.

வேப்பந்தட்டைப் பக்கம் எனக்கு வந்த பெரிய சிக்கல் வேறு. "சுகருக்குக் கம்பு நல்லது, வரகு நல்லது" என்று எல்லாருக்கும் தெரியும். பெரியவர் ஒருவர் அரிசியை அடியோடு நிறுத்திவிட்டார். காலையில் ஒரு சொம்பு கம்பங்கூழ், மதியம் வரகுச்சோறு, ராவுக்கு மூணு சப்பாத்தி. மாதா மாதம் வந்து விரலை நீட்டுவார். சர்க்கரை இறங்கவே இல்லை. "நான் அரிசியைத் தொட்டு மாசக்கணக்காவுது பாப்பா, அப்புறம் எங்கேயிருந்து வருது இது?" என்று கேட்டபோது அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு மறக்காது. சொன்னபடி நடக்கிற மனிதர். சொன்னதுதான் பாதிச் சேதி.

மாவுச்சத்துக் கணக்கில் அரிசி 78 என்றால் சோளம் 67, ராகி 67, வரகு 66, சாமை 65, கோதுமை மாவு 64, கம்பு 62. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நம் மக்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. நார்ச்சத்தும் தாதுச்சத்தும் சிறுதானியத்தில் கூடுதல். அது உண்மையான நன்மை. ஆனால் மாவாக அரைத்து, நொய்யரிசி சேர்த்துக் காய்ச்சி, கரைத்துக் குடித்தால் மெல்லும் வேலையே இல்லாமல் ரத்தத்தில் ஏறிவிடும். கூழைவிடக் களி மேல். களியைவிட உதிரியாக வெந்த சோறு மேல்.

நாங்கள் கண்ணால் பார்த்து வந்ததை 2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு எண்ணிக்கையோடு சொன்னது. சென்னையில் டாக்டர் அஞ்சனா, டாக்டர் வி.மோகன் ஆகியோரின் குழு நாடு முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து நடத்திய பெரிய கணக்கெடுப்பின் ஒரு பகுதி அது. இந்தியர் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் 12 சதவீதம்தான். தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானிய மாவோ மாற்றிக்கொண்டு மொத்த மாவுச்சத்தைக் குறைக்காவிட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றார்கள். மொத்தச் சக்தியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுத்துவிட்டுப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை அந்த இடத்தில் வைத்தால் அபாயம் குறைவதோடு தொடர்பு தெரிகிறது. அதே குழு 2022-ல் வெளியிட்ட கணக்கு எனக்கு இன்னும் உதவியானது: புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19, 20 சதவீதம் என்ற அளவுக்கு வரவேண்டும். மாவுச்சத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. மொத்தச் சக்தியில் ஏறக்குறையப் பாதி என்ற அளவுக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அந்தப் பெரியவருக்கு நான் தானியத்தை மாற்றச் சொல்லவில்லை. சொம்பை டம்ளராக்கி, மிச்ச இடத்தில் ஒரு கை வறுத்த கடலையும் ஒரு முட்டையும் வைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் எண் அசைந்தது.

எடுத்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் என் வேலையின் முக்கால் பங்கு. சோற்றைப் பாதியாக்கச் சொல்வது சுலபம். எங்கள் வீடுகளில் வைக்கும் புளிக்குழம்பு சோற்றைத் தொண்டையில் இறக்குவதற்காக வைப்பது. இரண்டு கத்தரிக்காய்த் துண்டு, நிறையத் தண்ணீர். அந்தக் குழம்பை வைத்துக்கொண்டு பாதிச் சோறு தின்றால் பதினொரு மணிக்குக் கண் இருட்டும். டீக்கடைக்குப் போய் ரெண்டு பன்னைத் தின்றுவிட்டு வருவார்கள். மிச்சம் பிடித்த மாவுச்சத்து வட்டியோடு திரும்பிவிடும். அதனால் சோறு குறைய வேண்டுமென்றால் முதலில் குழம்பு கெட்டியாக வேண்டும். தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு போட்ட குழம்பு. கொதிக்கும் குழம்பில் உடைத்து ஊற்றிய முட்டை. பருப்பு இரண்டு மடங்கு போட்டுக் கடைந்த கீரை. பயறுகளிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் புரதமும் நாரும் சேர்ந்திருப்பதால் மெதுவாக இறங்கும். சோறு எவ்வளவோ அவ்வளவு பொரியலும் தட்டில் இருக்க வேண்டும்.

கீரைக்குக் காசு வேண்டாம். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் பருத்திக்காட்டில் களை வெட்டும்போதே மடியில் வந்து சேரும். களைக்கொல்லி அடித்த காட்டில் மட்டும் பறிக்க வேண்டாம் என்று கட்டாயம் சொல்வேன்.

நிலக்கடலையைப் பற்றி எனக்குத் தனிப் பிடிப்பு உண்டு. 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். மாவுச்சத்து 17 கிராம்தான். ஒரு கை கடலை ஒரு முட்டைக்குச் சமமான புரதம் தரும். ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக்காடு உள்ளவர்கள் முந்திரியைக் கேட்பார்கள். பத்துப் பருப்பு தின்னலாம். அதில் மாவுச்சத்து கடலையைவிடக் கூடுதல், விலையும் கூடுதல். விற்றுவிட்டுக் கடலை வாங்குங்கள் என்பேன்.

பழைய சோற்றை நான் நிறுத்தச் சொல்வதில்லை. இதில் என்னோடு ஒத்துப்போகாத மருத்துவர்கள் உண்டு. வெள்ளனே நூறு நாள் வேலைக்கோ வெங்காயம் நடவோ போகிற பெண்ணுக்கு ஆறு மணிக்குக் கையில் இருப்பது அதுதான். ஓட்ஸ் கஞ்சி அவள் வீட்டுக்கு வராது. ஒரு கைப்பிடிச் சோறு, மீதிக்கு மோர், ஒரு கை கடலை, நாலு சின்ன வெங்காயம். இப்படி மாற்றியவர்கள் மதியம் வரை தாக்குப்பிடித்து வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பிடும் வரிசையும் உதவும். கீரை, பொரியல் முதலில், முட்டையோ பருப்போ அடுத்து, சோறு கடைசியில். அதே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிட்டால் அதன்பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவர்கள் 2015-ல் சிறிய ஆய்வொன்றில் காட்டினார்கள். செலவில்லாத வழி.

இத்தனையும் ஆண்களுக்குச் சீக்கிரம் பலித்துவிடுகிறது. பெண்களுக்குப் பலிப்பதில்லை. ஏன் என்று வெகு நாள் யோசித்தேன். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி, தன்னார்வலர்கள் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோக ஆரம்பித்த பிறகுதான் பதில் கிடைத்தது. நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தது சீட்டை. அவர்கள் பார்த்தது அடுப்படியை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்றால் மனைவி அவருக்கு முட்டை வைக்கிறாள், கீரை கடைகிறாள், சோற்றை அளந்து போடுகிறாள். அவளுக்கே சர்க்கரை என்றால், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியடியில் குழம்புத் தண்ணீரும் குண்டானில் சோறும்தான் மிச்சம். கெட்டி என்று இருந்ததெல்லாம் பிள்ளைகள் தட்டுக்குப் போயிருக்கும். மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனம் வராமல் அதையும் தின்பாள். அவளிடம் மாவுச்சத்தைக் குறை என்று சொல்வது அவளைப் பட்டினி போடச் சொல்வதற்குச் சமம்.

அதனால் பெண் நோயாளி வந்தால், அடுத்த தடவை வீட்டில் சோறு போடுகிற கை யாருடையதோ அவரையும், அதிகாரம் யாருடையதோ அவரையும் கூட்டிவரச் சொல்கிறேன். மாமியார் வந்தால் வேலை பாதி முடிந்தது. "ஆயா, ஒங்க மருமவளுக்கு முட்டையை முதல்லயே எடுத்து வெச்சிருங்க. மருந்து மாதிரி அது" என்பேன். மருந்து என்று சொன்னால் வைக்கிறார்கள். தின்பண்டம் என்றால் வைக்கமாட்டார்கள். ஓர் ஆயா, "நான் வெச்சா அவ புள்ளைக்குக் குடுத்துருவா சிஸ்டரு, நின்னு தின்ன வெக்கிறேன்" என்றார். அந்த மருமகளின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அடுத்த சோதனையில் நன்றாக இறங்கியிருந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் வாரம் ஐந்து முட்டை போடுகிறார்கள் என்பதையும் அந்தத் தாய்மார்களுக்கு நினைவூட்டுவேன்.

அரியலூர் என்றால் சிமெண்ட். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்கள் ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டா தின்று பழகியவர்கள். அவர்களிடம் பரோட்டாவைத் தொடாதே என்றால் அடுத்த மாதம் வரவேமாட்டார்கள். நாலு பரோட்டாவை ஒன்றாக்கி, டபுள் ஆம்லெட்டோ கலக்கியோ சேர்த்துக்கொள், வண்டியில் வறுகடலை வைத்துக்கொள் என்று சொல்லித்தான் வழிக்குக் கொண்டுவந்தோம். அவர்களுக்கு இன்னொன்று முக்கியம்: ஓட்டும்போது சர்க்கரை சட்டென்று இறங்கக் கூடாது.

இந்த இடத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கொத்து வேலைக்குப் போகிற ஒரு பெண், செல்போனில் வீடியோ பார்த்துவிட்டுச் சோற்றை ஒரே நாளில் நிறுத்தினாள். மாத்திரையை நிறுத்தவில்லை. சாரத்தடியில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்தவர்கள் தூக்கி வந்தபோது சர்க்கரை 54 இருந்தது. 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிபிசைடு மாத்திரைகளும் இன்சுலினும், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். சாப்பாட்டைக் குறைக்கும் அன்றைக்கே மருத்துவர் மாத்திரையையும் குறைக்க வேண்டியிருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுகிறவர்கள் மாவுச்சத்தை அடியோடு வெட்டினால், மெஷினில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும். வாந்தி, மூச்சு வாங்குதல் என்று வந்து நிற்பார்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் முட்டையையும் பருப்பையும் தாங்களாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது. முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் சிறப்பு மருத்துவர் சொல்லாமல் இதில் இறங்கவே கூடாது. படபடப்பும் வியர்வையும் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். முந்தானையில் நாலு மிட்டாய் முடிந்துகொள்ளச் சொல்லாமல் யாருக்கும் நான் சோற்றைக் குறைத்ததில்லை.

பேலியோ உணவுமுறையைப் பற்றிக் கேட்பார்கள். நியாண்டர் செல்வன் போன்றவர்கள் தமிழில் எழுதிப் பரப்பியதால்தான் மாவுச்சத்து என்ற சொல்லே பல வீடுகளுக்குள் நுழைந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆசிரியர்கள், அலுவலகம் போகிறவர்கள் சிலர் அந்த வழியில் எடை குறைந்து, மருத்துவர் மாத்திரை குறைக்கும் நிலைக்கு வந்ததைப் பார்த்தேன். கொழுப்புப் பரிசோதனையை அவர்கள் விடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஆனால் தினம் நூறு பாதாம், பனீர், வெண்ணெய் என்ற பட்டியல் கூலி வேலைக்காரருக்கு எட்டாது. கடலையையும் பயறையும் அந்த வழி விலக்குகிறது. எங்கள் ஊரில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் சோற்றுக்கு மாற்றாக வைக்க ஒன்றுமே மிஞ்சாது.

என் வேலைக்கு அதிகம் உதவியது இங்கிலாந்தில் சவுத்போர்ட் ஊர் மருத்துவர் டேவிட் அன்வின் போட்ட படம். 150 கிராம் வெந்த சோறு ரத்தத்தில் பத்து டீஸ்பூன் சர்க்கரை அளவுக்கு வேலை செய்கிறது என்று காட்டுகிறது அது. மாவுச்சத்தைக் குறைக்கும் அவர் வழியை ஏற்றவர்களில் பாதிப்பேர் மருந்தில்லாமல் இருக்கும் நிலைக்கு வந்ததாக 2023-ல் எழுதினார். தாங்களாக விரும்பி வந்தவர்கள் அவர்கள் என்பதை மறக்கக் கூடாது. எங்கள் மக்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினால், "வெல்லம் போடலையே சிஸ்டர், வெறுஞ்சோறுதானே?" என்று திகைப்பார்கள். அந்தத் திகைப்புக்குப் பிறகு பேச்சு சுலபம். வெல்லம் போட்டதைப் பற்றியும் கேள்வி வரும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு மாவிளக்கு போடுகிறவர்கள் பிரசாதத்தைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். அரிசி மாவும் வெல்லமும்தான். ஒரு கிள்ளு வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பேன்.

இனி மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஒன்று. 2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாயானது. 2011 ஜூன் முதல் இலவசம். அதனால் இந்த மாவட்டங்களில் பசி போனது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் நாலு பேர் உள்ள கார்டுக்குப் பொதுவாக 20 கிலோ அரிசி கிடைக்கும் கடையில் துவரம்பருப்பு ஒரே ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நாலு பேருக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம். குழம்பு எப்படிக் கெட்டியாகும்? வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, அவர்கள் விரும்பினால், அரிசியில் ஐந்து கிலோவை விட்டுக்கொடுத்துவிட்டு இன்னொரு கிலோ பருப்பும் கொஞ்சம் கடலையும் வாங்கிக்கொள்ள வழி வேண்டும். யாருக்குச் சர்க்கரை என்ற பதிவேடு ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இருக்கிறது. ரேஷன் கார்டும் கையில் இருக்கிறது. வட்டாரக் கூட்டங்களில் இதைச் சொல்லி வருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு, அரிசியைக் கொடுத்துப் பருப்பு வாங்கச் சம்மதிக்கும் வீடுகளின் கணக்கைத் தன்னார்வலர்களிடம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.